லாங்போர்டு ட்ரக்கில் எதை மாற்றுவது: புஷிங்கா, பேஸ்பிளேட்டா, ஹேங்கரா?

"போர்டு திரும்பவே மாட்டேன் என்கிறது." "இறக்கத்தில் வேகம் ஏறினால் பின்பக்கம் ஆடுகிறது." லாங்போர்டு என்ற நீளமான ஸ்கேட்போர்டை வாங்கிச் சில மாதம் ஓட்டியவர்களிடம் இந்த இரண்டு புகாரில் ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த கேள்வி, வீல்களைத் தாங்கிப் போர்டைத் திருப்பும் ட்ரக்கை மொத்தமாக மாற்றுவதா, பாகம் பாகமாக மாற்றுவதா என்பது. பாகமாக என்றால் எந்தப் பாகம், வேறு கம்பெனிப் பாகம் இதில் உட்காருமா?

இங்கே எடுத்துக்கொள்வது பரவலாகக் கிடைக்கும் ரிவர்ஸ் கிங்பின் (கிங்பின் நட்டு போர்டின் வெளிப்பக்கம் பார்க்கும் வகை) வார்ப்பு ட்ரக்குகள்: பாரிஸ், கேலிபர், ராண்டல், பேர் (Bear) போன்ற கம்பெனிகளுடையவை. ஹேங்கர் அகலம் 180 மி.மீ. அல்லது அதையொட்டி, பேஸ்பிளேட் கோணம் 50°, வீல் 70 மி.மீ., முன் பின் ஆக்ஸில்களுக்கு நடுவே 65 செ.மீ. கீழே வரும் கணக்குகளெல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான்.

ட்ரக்கைக் கழற்றிப் பார்த்தால், நாம் நிற்கும் பலகையான டெக்கில் நான்கு போல்ட்டால் பூட்டியிருப்பது பேஸ்பிளேட். அதிலிருந்து சாய்வாக நீட்டி நிற்கும் தடித்த போல்ட் கிங்பின். கிங்பினில் புஷிங் என்ற யூரித்தேன் துண்டு இரண்டு, அவற்றின் நடுவே, ஆக்ஸிலைத் தாங்கும் ஹேங்கரின் வளையம். ஹேங்கரின் மூக்கு போன்ற பிவட், பேஸ்பிளேட்டிலுள்ள பிவட் கப்பில் செருகியிருக்கும். ஹேங்கரும் பேஸ்பிளேட்டும் தொட்டுக்கொள்வது புஷிங், பிவட் என்ற இரண்டே இடத்தில். பாகம் மாற்றும்போது வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டு இடத்தில்தான் பிறக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

புகார் எந்த வகை? சாய்க்க அதிக பலம் வேண்டியிருக்கிறதா, அல்லது சுலபமாகச் சாய்ந்தும் போர்டு திரும்பவில்லையா? வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவது புஷிங்கின் வேலை, இரண்டாவது கோணத்தின் வேலை.

எத்தனை இடத்தில் பொருந்த வேண்டும்? புஷிங் மாற்றினால் ஒரே இடம். வேறு கம்பெனி ஹேங்கர் என்றால் பிவட், புஷிங் இருக்கை, கிங்பின் துளை, உயரம் என்று நான்கு இடம்.

மறைந்திருக்கும் செலவு. பாகத்தின் விலைக்கு மேல் போல்ட் நீளம், ரைசர் (ட்ரக்கை உயர்த்த டெக்குக்கும் பேஸ்பிளேட்டுக்கும் நடுவில் வைக்கும் பட்டை), பிவட் கப், ஸ்பேனர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்கமும் சேர்ந்து புஷிங்கின் விலையையே தாண்டிவிடும்.

பழையபடி திரும்ப முடியுமா? பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற மாற்றத்தைத் தைரியமாகச் செய்து பார்க்கலாம்.

## முதல் வழி: புஷிங்கும் வாஷரும்

செலவு குறைவு. நான்கு புஷிங் கொண்ட ஒரு செட்டு, வார்ப்பு ட்ரக் ஜோடியின் விலையில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்குள் வரும். கிங்பின் நட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. இத்தனை இருந்தும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ட்ரக்கோடு வரும் புஷிங் எல்லா எடைக்கும் பொதுவாகப் போட்டது. 55 கிலோ ஆளுக்கு அது கல், 95 கிலோ ஆளுக்கு அது களி.

புஷிங்கின் கடினத்தை டியூரோமீட்டர் எண் சொல்லும். சாதாரண சவாரிக்கு இப்படித் தொடங்கலாம்:

| எடை | முதலில் போட்டுப் பார்க்க |
|---|---|
| 55 கிலோவுக்குக் கீழ் | 78ஏ – 83ஏ |
| 55 – 75 கிலோ | 83ஏ – 87ஏ |
| 75 – 90 கிலோ | 87ஏ – 90ஏ |
| 90 கிலோவுக்கு மேல் | 90ஏ – 95ஏ |

வேகமாக இறங்குபவர் ஒரு படி மேலே போகலாம். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கம்பெனி புஷிங் ஒன்றுபோல நடக்காது. யூரித்தேன் கலவைக்குக் கலவை திரும்பி எழும் வேகம் மாறும். சில கலவை வெடுக்கென்று நடுவுக்கு வரும், சில கலவை நிதானமாக வரும். எண் கடினத்தைத்தான் சொல்லும், இந்தக் குணத்தைச் சொல்லாது.

வடிவம் எண்ணைவிட அதிகம் பேசும். பேரல் என்ற நேர் உருளை இரு பக்கமும் தாங்கும், வேகத்துக்கு ஏற்றது. கோன் ரோடு பக்கம் வந்தால் போர்டு சட்டென்று சாயும், மெதுவான வளைவு ஆட்டத்துக்கு இதமானது. டெக் பக்கம் பேரல், ரோடு பக்கம் கோன் என்பது கார்விங்குக்கு, அதாவது வளைந்து வளைந்து ஓட்டுவதற்கு, பழகிய ஜோடி. இரண்டு பக்கமும் பேரல் என்றால் இறக்கத்துக்கு. டெக் பக்கப் புஷிங்தான் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ஒன்றை மட்டும் கடினமாக்குவதென்றால் அதைக் கடினமாக்குங்கள்.

வாஷர் கவனிப்பாரற்ற பாகம். குழி வாஷர் புஷிங்கின் விளிம்பைப் பிடித்து வைக்கும். தட்டை வாஷர் விரிய விடும். குழியை எடுத்துவிட்டுத் தட்டையைப் போட்டால் அதே புஷிங் ஒரு படி மென்மையானது போல இருக்கும். புதுப் புஷிங் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள், நான்கு வாஷர் காசுதான்.

புஷிங் இருக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பாரிஸில் இருக்கை திறந்த மாதிரி, புஷிங் சுற்றிலும் நகர இடமுண்டு. கேலிபரில் இருக்கை புஷிங்கை இறுக்கிப் பிடிக்கும். அதே 87ஏ பேரலைப் பாரிஸில் போட்டவர் "நீச்சல் மாதிரி இருக்கிறது" என்பார், கேலிபரில் போட்டவர் "கட்டுக்குள் இருக்கிறது" என்பார். நண்பர் சொன்ன எண்ணை வாங்குவதற்கு முன் அவருடைய ட்ரக் எது என்று கேளுங்கள்.

என்ன கெடும்: நட்டை அளவுக்கு மீறி முறுக்குவது. கிங்பினின் மரை ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. ஆக, நட்டை ஒரு முழுச் சுற்று இறுக்கினால் புஷிங் ஜோடி 1.06 மி.மீ. நசுங்கும். பரவலான அளவான 15 மி.மீ. உயரப் புஷிங் இரண்டு சேர்ந்தால் 30 மி.மீ. வாஷரை விரலால் சுற்ற முடியாத நிலையிலிருந்து அரைச் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று. அதற்கு மேலும் இறுக்கினால்தான் போர்டு நிலையாக நிற்கிறது என்றால் உங்கள் புஷிங் மென்மையானது. இன்னும் முறுக்காமல் கடினமானதை வாங்குங்கள். மிகையாக நசுங்கிய புஷிங் நடுவில் பிதுங்கும், ஓரம் பிளக்கும். போர்டு நடுநிலைக்குச் சரியாகத் திரும்பாது.

இன்னொன்று உயரம். அசலைவிட உயரமான புஷிங் போட்டால் ஹேங்கர் பேஸ்பிளேட்டை விட்டுத் தள்ளி நிற்கும், பிவட் கப்பில் கோணலாக உட்காரும். கிங்பின் முனை நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி வெளியே தெரியாவிட்டால் அந்த உயரம் உங்கள் ட்ரக்குக்கு ஆகாது. ஓடும்போது நட்டு கழன்றுவிடும்.

எப்போது இதுவே போதும்: சாய்க்கும் பலம் பற்றிய எந்தப் புகாருக்கும்.

எப்போது போதாது: பின் ட்ரக் ஆடுவதைத் தடுக்கப் பின்னால் மட்டும் கடினமான புஷிங் போடுபவர்கள் உண்டு. கொஞ்சம் பலன் தரும், காரணம் பலரும் நினைப்பதல்ல. விறைப்பான டெக்கின் முன்பாதி 10° சாய்ந்தால் பின்பாதியும் 10° சாய்ந்தே ஆக வேண்டும், மரம் முறுக்கிக்கொள்ளாது. புஷிங் கடினமானாலும் பின் ட்ரக் முன் ட்ரக் அளவே சாயும், அதே அளவே திரும்பும். கடினப் புஷிங்கால் கிடைப்பது ஹேங்கரின் தேவையற்ற அசைவு குறைவது மட்டும். பின் வீல் குறைவாகத் திரும்ப வேண்டும் என்றால் கோணத்தைத் தொட்டாக வேண்டும்.

## இரண்டாம் வழி: கோணத்தை மாற்றுவது

இந்தக் கட்டுரையில் அதிக இடம் இதற்குத்தான், காரணம் ஒரு ட்ரக்கின் குணம் பேஸ்பிளேட் கோணத்தில்தான், அதாவது ஹேங்கர் திரும்பும் அச்சு டெக்கோடு செய்யும் கோணத்தில்தான், இருக்கிறது. கணக்கு எளிது: திரும்பும் கோணத்தின் டேன் = பேஸ்பிளேட் கோணத்தின் டேன் × சாய்வின் சைன். டெக்கை 10° சாய்த்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம்.

| முன் / பின் கோணம் | முன் வீல் திரும்புவது | பின் வீல் திரும்புவது | வளைவின் ஆரம் |
|---|---|---|---|
| 50° / 50° | 11.7° | 11.7° | 157 செ.மீ. |
| 44° / 44° | 9.5° | 9.5° | 194 செ.மீ. |
| 50° / 30° | 11.7° | 5.7° | 212 செ.மீ. |
| 50° / 20° | 11.7° | 3.6° | 241 செ.மீ. |
| 30° / 30° | 5.7° | 5.7° | 324 செ.மீ. |

இரண்டாவது, மூன்றாவது வரிசைகளைப் பாருங்கள். ஆரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏறி நின்றால் இரண்டும் வெவ்வேறு வண்டி. முன் பின் ஒரே கோணம் என்றால் போர்டு தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பும். 50/30 வைத்தால் அந்தப் புள்ளி பின் ஆக்ஸிலிலிருந்து சுமார் 21 செ.மீ. தூரத்துக்கு நகர்ந்துவிடும். முன்பக்கம் வழிகாட்ட, பின்பக்கம் பின்தொடரும். காரை முன்னோக்கி ஓட்டுவதற்கும் ரிவர்ஸில் வேகமாக ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது. திரும்பும் சக்கரம் பின்னால் இருந்தால் சின்னத் தவறும் பெருகும். வேகத் தள்ளாட்டம் பெரும்பாலும் பின் ட்ரக்கிலிருந்து வளர்வதும், இறக்கம் ஓட்டுபவர்கள் பின்கோணத்தைக் குறைப்பதும் இதனால்தான்.

கோணத்தைக் குறைத்தால் இன்னொன்றும் மாறும். அதே வளைவுக்கு அதிகம் சாய வேண்டும். சாயச் சாய புஷிங் வேலை செய்யும் தூரம் கூடும்; காலுக்கு நிறையத் தகவல் வரும். சிலருக்கு இது சுகம், சிலருக்கு "எவ்வளவு சாய்த்தாலும் போக மாட்டேன் என்கிறதே" என்ற எரிச்சல்.

கோணத்தை மாற்ற இரண்டு பாதை உண்டு.

அதே கம்பெனியின் வேறு கோண பேஸ்பிளேட். பாரிஸில் 50°, 43° என்றும் கேலிபரில் 50°, 44° என்றும் கிடைக்கிறது. ராண்டலின் 35° இந்த வழியில் பழம்பெயர். ஹேங்கரும் பிவட்டும் அதே குடும்பம் என்பதால் பொருத்தத்தில் வம்பில்லை, தலைமுறை மட்டும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் புதிய பதிப்பு வந்தால் பிவட் அளவும் மாறியிருக்கலாம். பாகம் ஒன்றுதான், பின்னுக்கு மட்டும் வாங்கினாலே போதும்.

மறைவான செலவு உயரம். கோணம் மாறினால் ட்ரக்கின் உயரமும் சில மி.மீ. மாறும். டெக்கைச் சமதளத்தில் வைத்து, முன்னும் பின்னும் தரையிலிருந்து டெக் அடி வரை ஸ்கேலால் அளங்கள். 65 செ.மீ. தூரத்தில் 6 மி.மீ. வித்தியாசம் டெக்கை அரை டிகிரி சாய்க்கும். கணக்குக்கு அது சொற்பம், பாதத்துக்கு அது தெரியும். தாழ்ந்த பக்கத்தில் 3 அல்லது 6 மி.மீ. ரைசர் போட்டுச் சமன் செய்யுங்கள். ரைசர் போட்டால் போல்ட்டும் அதே அளவு நீள வேண்டும்.

ஆப்பு ரைசர். பேஸ்பிளேட்டுக்கும் டெக்குக்கும் நடுவில் ஒரு பக்கம் தடிமனாக, மறுபக்கம் மெல்லியதாக இருக்கும் பட்டை. தடிமன் பக்கம் டெக்கின் நடுவை நோக்கி இருந்தால் கோணம் கூடும். மூக்கையோ வாலையோ நோக்கி இருந்தால் குறையும். 50° பேஸ்பிளேட்டின் கீழ் 10° ஆப்பைக் குறைக்கும் பக்கமாக வைத்தால் 40° கிடைக்கும். நீண்டதூரப் பம்பிங் (காலால் தரையைத் தள்ளாமல் உடம்பை அசைத்தே போர்டை ஓட்டுவது) செய்பவர்கள் முன்னால் கூட்டியும் பின்னால் குறைத்தும் வைப்பது வழக்கம். உடம்பின் அசைவெல்லாம் முன் ட்ரக் வழியே தள்ளுவிசையாக மாற வேண்டும், பின்பக்கம் நேராகத் தொடர வேண்டும்.

விலை குறைவு என்பதைத் தவிர, வாரத்துக்கு ஒரு கோணம் சோதித்துப் பார்க்கலாம் என்பது ஆப்பின் பெரிய லாபம். மற்றபடி தொல்லை உண்டு. 8.5 செ.மீ. நீளத்துக்கு 7° ஆப்பு என்றால் ஒரு முனை மறுமுனையைவிட ஒரு செ.மீ. தடிமன். முன் இரண்டு போல்ட்டும் பின் இரண்டு போல்ட்டும் வேறு வேறு நீளம். நட்டு பேஸ்பிளேட்டில் சாய்வாக உட்காரும். முறுக்கினால் போல்ட் வளையும். மென்மையான ரப்பர் ஆப்பு நாளாக நாளாக அமுங்கி நட்டை இளக்கிவிடும், கெட்டிப் பிளாஸ்டிக் வாங்குங்கள். ட்ரக் டெக்கின் வெட்டு வழியே நுழைந்து நிற்கும் டிராப்-த்ரூ டெக்கில் பேஸ்பிளேட் மரத்தின் மேல்பக்கம் உட்காருவதால் சாதாரண ஆப்பு அங்கே சரிப்படாது. ட்ரக் உயரம் ஏறுவதால் தள்ளிக்கொண்டு போக முழங்கால் அதிகம் மடங்க வேண்டும்.

தீர்ப்பு: எந்தக் கோணம் வேண்டும் என்று தெரியாதவர் ஆப்பு. தெரிந்துகொண்டவர் பேஸ்பிளேட். டிராப்-த்ரூ வைத்திருப்பவர் நேரே பேஸ்பிளேட், ஆனால் வாங்கும் முன் அது டெக்கின் வெட்டுக்குள் நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

## மூன்றாம் வழி: அதே குடும்பத்தின் வேறு அகல ஹேங்கர்

180-லிருந்து 150 மி.மீ.க்கு இறங்குவது. பொருத்தத்தில் சிக்கலில்லை. கால் விளிம்பில் அழுத்தினால் வீல் உடனே கேட்கும். அகல ஹேங்கரில் காலுக்கு வெளியே வீல் நிற்பதால் எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். டெக் 9 அங்குலத்துக்குக் கீழே என்றால் 150 இயல்பான தேர்வு. 9 முதல் 10 அங்குலத்துக்கு 180.

குறுகிய ஹேங்கர் போட்டால் வீல் டெக்கின் கீழே போய்விடும், சாயும்போது டெக்கைக் கடிக்கும். ஓடும்போது வீல் கடித்தால் போர்டு அங்கேயே நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பூட்டியதும் டெக்கின் ஓரத்தில் ஏறி முழுச் சாய்வு கொடுத்து, வீலுக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று நான்கு மூலையிலும் பாருங்கள். இல்லையென்றால் ரைசர், இல்லையென்றால் சின்ன வீல்.

## நான்காம் வழி: ஒரு கம்பெனி ஹேங்கர், இன்னொரு கம்பெனி பேஸ்பிளேட்

ஆசை இங்கேதான் அதிகம். "இதன் ஹேங்கர் நன்றாயிருக்கிறது, அதன் கோணம் நன்றாயிருக்கிறது, சேர்த்துவிட்டால்?" பழைய பாரிஸ் ஹேங்கரை ராண்டல் 35° பேஸ்பிளேட்டில் பூட்டுவது இந்த வட்டாரத்தில் நெடுநாள் பழக்கம். அது பொருந்தியதால் எல்லாம் பொருந்தும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. அந்த நம்பிக்கைதான் பிவட்டைத் தின்கிறது.

பூட்டிப் பார்த்து "சரியாக உட்கார்ந்துவிட்டது" என்று சொல்வது சோதனை ஆகாது. மரை ஒன்றுதான், கிங்பின் ஒன்றுதான், எதுவும் எதிலும் பூட்டிக்கொள்ளும். சோதனை இப்படி:

1. புஷிங் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிவட்டைக் கப்பில் வைத்துக் கையால் சுழற்றுங்கள். கடகடவென்று ஆடினால் கப் பெரிது. சிக்கினால் கப் சிறிது. ஹேங்கரின் பிவட்டுக்கு ஏற்ற உள்ளளவும் பேஸ்பிளேட்டுக்கு ஏற்ற வெளியளவும் கொண்ட கப் தனியாகக் கிடைத்தால் இது தீரும்.

2. பிவட் முழுதாக உட்கார்ந்த நிலையில் கிங்பினைப் பாருங்கள். ஹேங்கர் வளையத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் பிவட்டுக்கும் கிங்பினுக்கும் உள்ள தூரம் இரண்டு கம்பெனிக்கும் வேறு. இங்கேயே நிறுத்திவிடுங்கள், கப் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

3. டெக் பக்கப் புஷிங்கை மட்டும் போடுங்கள். பேஸ்பிளேட் இருக்கையும் ஹேங்கர் இருக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா? ஒரு ஓரம் முட்டி மறு ஓரம் காகிதம் நுழைகிற அளவு திறந்திருந்தால் புஷிங் உயரம் ஒத்துவரவில்லை. மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்தோ எடுத்தோ சரிவருகிறதா பாருங்கள்.

4. பிவட் முனையில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசுங்கள். எல்லாவற்றையும் பூட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக ஐம்பது முறை சாய்த்துவிட்டுக் கழற்றுங்கள். மை சுற்றிலும் சீராகத் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரே பக்கம் பளபளவென்று அலுமினியம் தெரிந்து, எதிர்ப்பக்கம் மை அப்படியே இருந்தால் பிவட் கப்பை நெம்புகிறது. சில வாரத்தில் கப் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்பே கீச்சென்ற சத்தமும் கப்பின் வாயில் யூரித்தேன் தூளும் தெரியும்.

5. முழுச் சாய்வில் ஹேங்கர் பேஸ்பிளேட்டையோ கிங்பினையோ தொடக் கூடாது. உலோகம் உலோகத்தில் இடித்தால் அந்த நொடியில் வீல் பிடியை இழக்கும்.

ஐந்தும் தேறினாலும் இன்னொரு கணக்கு மிச்சம். ஆக்ஸில் திருப்பு அச்சின் மேலேயே இருக்கிறதா, சற்று விலகி இருக்கிறதா என்பதை ரேக் என்பார்கள். விலகல் இருந்தால் நடுநிலையில் ஒருவித உயிர்ப்பும், சாயத் தொடங்கியதும் சட்டென்று விழும் குணமும் வரும். விலகல் இல்லையென்றால் சாய்வுக்கேற்ற சீரான திரும்பல். ஒரு கம்பெனி ஹேங்கரை இன்னொன்றின் பேஸ்பிளேட்டில் வைத்தால் இரண்டு கம்பெனியும் யோசித்திராத ரேக் ஒன்று பிறக்கும். நல்லதாகவும் அமையலாம். வேகத்தில் போய்த்தான் தெரிந்துகொள்வேன் என்று மட்டும் நிற்காதீர்கள்.

எப்போது நல்லது: கையில் ஏற்கெனவே இரண்டு செட்டு கிடக்கிறது, மெதுவான கார்விங் அல்லது பம்பிங், கழற்றிப் பூட்டுவதில் சலிப்பில்லை. எப்போது வேண்டாம்: இதற்காகவே புதிதாக இரண்டு ஜோடி வாங்க வேண்டியிருந்தால். அந்தக் காசுக்கு வேண்டிய கோணத்திலேயே முழு ட்ரக் வந்துவிடும்.

## ஐந்தாம் வழி: முழுப் புது ட்ரக்

இன்னொரு வார்ப்பு ஜோடி வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் சிலவே: ஆக்ஸில் வளைந்துவிட்டது, பேஸ்பிளேட் விரிசல் விட்டது, அல்லது ஆட்டமே வேறு. நெளிந்து நெளிந்து சர்ஃப் போல ஓட்ட வேண்டும் என்றால் கார்வர் போன்ற சர்ஃப்ஸ்கேட் ட்ரக்தான் வேண்டும். எந்தப் புஷிங்கும் உங்கள் 50° ட்ரக்கை அதுவாக மாற்றாது.

சிஎன்சி என்ற கணினி இயக்கும் இயந்திரத்தில் கடைந்தெடுத்த பிரிசிஷன் ட்ரக் வார்ப்பின் விலையைப் போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் போகும். என்ன கிடைக்கும்? பிவட்டிலும் ஆக்ஸிலிலும் தளர்வு கிட்டத்தட்ட இருக்காது. ஆக்ஸில் வளைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பல மாடல்களில் கோணத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனிப் பாகம் உண்டு. கலந்து பூட்டுவது அங்கே கம்பெனியே போட்டுத்தந்த திட்டம். மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் இறங்குபவருக்கு இது செலவாகத் தோன்றாது. வீட்டுத் தெருவிலும் கடற்கரைச் சாலையிலும் ஓட்டுபவருக்கு அந்தக் காசில் வீல், புஷிங், ஹெல்மெட், கையுறை எல்லாம் வரும்.

தளர்வுதான் உங்கள் புகார் என்றால் ஐந்து மடங்குக்குப் போகும் முன் புதுப் பிவட் கப் போட்டுப் பாருங்கள். ட்ரக்கிலேயே மிக மலிவான பாகம், மிக அலட்சியமாக விடப்படும் பாகம். கப்புக்குள் சோப்புச் சீவல் கொஞ்சம் போட்டால் கீச்சு நிற்கும். எண்ணெய் ஊற்றாதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்துக் கப்பைத் தேய்க்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | மாறுவது | பொருத்தச் சிக்கல் | மறைந்த செலவு | பழையபடி திரும்ப |
|---|---|---|---|---|
| புஷிங், வாஷர் | சாய்க்கும் பலம், நடுவுக்கு வரும் விதம் | உயரம் மட்டும் | ஒரே தடவையில் சரியான எண் கிடைக்காது | 10 நிமிடம் |
| ஆப்பு ரைசர் | கோணம் | டிராப்-த்ரூவில் ஆகாது | நீளமான போல்ட், உயரம் | அரை மணி |
| வேறு கோண பேஸ்பிளேட் | கோணம் | தலைமுறை பார்க்கவும் | சமன் செய்ய ரைசர் | அரை மணி |
| வேறு அகல ஹேங்கர் | காலுக்கு வீல் கேட்கும் வேகம் | வீல் கடிப்பு | ரைசர், சில சமயம் வீல் | 15 நிமிடம் |
| கலப்புக் கம்பெனி | கோணம், ரேக், எல்லாமே | நான்கு இடத்தில் | பிவட் கப், நேரம், ஒத்துவராத பாகம் | கப் தேயும் முன் வரை |
| பிரிசிஷன் | தளர்வு, துல்லியம் | குறைவு | விலையே செலவு | பழையதை வைத்திருந்தால் |

## ஸ்பேனரும் மரையும்

எந்த வழியானாலும் ஸ்பேனரில்தான் நம் ஊர்க்காரர்கள் முதலில் மாட்டுவார்கள். ட்ரக் உலகம் அங்குலத்தில் ஓடுகிறது. கிங்பின் நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர், அதாவது 14.3 மி.மீ.; நம் 14 உள்ளே போகாது, 15 போட்டால் நட்டின் மூலை மழுங்கும். ஆக்ஸில் நட்டுக்கு 1/2 அங்குலம், 13 நம்பர் சற்றுத் தளர்வாகச் சமாளிக்கும். டெக் போல்ட் நட்டுக்கு 3/8 அங்குலம், 10 நம்பர் ஒப்பேற்றும். மூன்றும் சேர்ந்த ஸ்கேட் கருவி ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

நட்டு தொலைந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆக்ஸில் தடிமன் 8 மி.மீ. என்பதால் ஹார்ட்வேர் கடையில் எம்8 நட்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஆக்ஸில் முனையில் இருப்பது 5/16 அங்குல மரை, அங்குலத்துக்கு 24 சுற்று; சுற்றுக்குச் சுற்று 1.06 மி.மீ. சாதாரண எம்8-க்கு 1.25 மி.மீ. முதல் ஒன்றிரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு ஏறும், மூன்றாவதில் பிடிக்கும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனரை அழுத்தினால் ஆக்ஸில் மரை போய்விடும். வார்ப்பு ட்ரக்கில் ஆக்ஸிலைத் தனியாக மாற்ற வழியில்லை, நட்டுக் காசுக்கு ஹேங்கரே போகும்.

## எங்கிருந்து தொடங்குவது

சாய்க்கக் கஷ்டம் அல்லது தொளதொளப்பு: வாஷர், பிறகு புஷிங். சுலபமாகச் சாய்ந்தும் திரும்பவில்லை: முன்னால் கோணத்தைக் கூட்டுங்கள். வேகத்தில் பின்பக்கம் ஆடுகிறது: முதலில் பிவட் கப்பையும் நட்டுகளையும் சோதித்து, உடல் எடை முன்காலில் இருக்கிறதா என்று பாருங்கள், பின்காலில் சாய்ந்து நிற்பவருக்கு எந்த ட்ரக்கும் ஆடும். அதற்குப் பிறகும் ஆடினால் பின்கோணத்தைக் குறைக்கலாம். வளைவில் விளிம்பு பிடிக்கவில்லை, காலுக்கு வீல் தாமதமாகக் கேட்கிறது: குறுகிய ஹேங்கர்.

ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும் மாற்றுங்கள். புஷிங்கையும் கோணத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கழற்றும் முன் கிங்பின் முனைக்கும் நட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்றும் எண்ணி வையுங்கள். மாற்றியதும் கிங்பின் நட்டு வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று முன் பின் இரண்டிலும் பாருங்கள். ரிவர்ஸ் கிங்பின் ட்ரக்கைத் தலைகீழாகப் பூட்டினால் போர்டு சாய்க்கும் பக்கத்துக்கு எதிராகத் திரும்பும். சமதளத்தில் நடை வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, எட்டு டெக் போல்ட்டையும் கிங்பின் நட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். புதுப் புஷிங் முதல் சில மணி நேர ஓட்டத்தில் அமுங்கும், அதனால் கால் சுற்று இறுக்க வேண்டிவரும்.